"கிழவி" யார் வீட்டுக்கு?

அறுவடை முடிந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சிதானே? கேலிக் மொழி பேசும் ஸ்காட்லாந்து தீவுகளில், அந்தக் காலத்தில் கடைசியாக முடித்த உழவனுக்கு மட்டும் கவலை!

முதலில் முடித்தவன், கடைசிக் கதிர்களால் ஒரு பொம்மை கட்டுவான். அதன் பெயர் "கிழவி". அதை, இன்னும் அறுத்துக்கொண்டிருக்கும் பக்கத்து வயல்காரனுக்கு அனுப்பிவிடுவான். அவன் முடித்ததும் அடுத்தவனுக்கு!

கிழவி எவனிடம் தங்குகிறாளோ, அவன் வீட்டில்தான் குளிர்காலம் முழுவதும் அவளுக்குச் "சாப்பாடு". பஞ்சம் வரும் என்று பயந்தார்கள். பயம் சும்மா அல்ல. அங்கே அறுப்பு பிந்தினால், மழையில் கதிர் அழுகிவிடும்.

இஸ்லே தீவில் கிழவிக்கு மரியாதை இருந்தது. உழவு தொடங்கும் வரை சுவரில் தொங்குவாள். முதல் உழவு நாளில் வீட்டுக்காரி அவளைப் பிரித்து, ஏர் ஓட்டும் ஆட்களுக்குப் பங்கிடுவாள். அவர்கள் சட்டைப் பையில் கொண்டுபோய், வயலில் குதிரைகளுக்குத் தின்னக் கொடுப்பார்கள்.