சிலிண்டருக்குப் பொறுப்பு யார்? கட்டட உரிமையாளரா, கடைக்காரரா?

புது தில்லி: மும்பை குர்லா மேற்குப் பகுதியில் 2015 அக்டோபர் 16-ஆம் தேதி ஓர் உணவகத்தில் சமையல் எரிவாயு சிலிண்டரால் மூண்ட தீயில் எட்டுப் பேர் கருகி மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். இடைத்தளத்தில் அமர்ந்து உணவருந்திக் கொண்டிருந்த அவர்களுக்குக் கீழே இறங்கி வர வழி இருக்கவில்லை. பெற்றோர் லோக் ஆயுக்தாவை நாடினர். 2017 பிப்ரவரியில் அங்கே கைவிரிக்கப்பட்டது. உயிரிழந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் மாநகராட்சி ரூ.50 லட்சம் வழங்க வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 ஜூன் மாதத்தில். சட்டப்படியான கடமையிலிருந்து மாநகராட்சி தவறியதே விபத்துக்குக் காரணம் என்று சொல்லவைப்பதற்கு அந்தப் பெற்றோருக்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

பணியிடங்களிலும் வாடகைக் கடைகளிலும் எரிவாயுவைக் கண்காணிக்க நாட்டில் சட்டமே இல்லை என்று கூறிவிட முடியாது. உண்மையில் சட்டங்கள் மிகுதி. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் 2016-இல் வகுக்கப்பட்ட எரிவாயு சிலிண்டர் விதிகளை, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு நிர்வகிக்கிறது. வீட்டு உபயோக சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவதை, அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் 2000-இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை தடை செய்கிறது. தீயணைப்பு, மாநிலங்கள் மற்றும் உள்ளாட்சிகளின் பொறுப்பு. தொழிலாளர் பாதுகாப்பு இன்னொரு துறையைச் சேர்ந்தது. இத்தனை கைகள் இருந்தும் சிலிண்டர் எவர் கையிலும் இல்லை என்பதே நிலைமை.

ஒரு கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். வணிக சிலிண்டர் ஒன்றின் எடை 19 கிலோ. மொத்தம் 100 கிலோவுக்கு மேற்படாத எரிவாயுவை வைத்திருக்க, விதிகளின்படி சேமிப்பு உரிமம் தேவையில்லை. ஐந்து சிலிண்டர்கள் என்றால் 95 கிலோ, உரிமம் வேண்டாம். ஆறாவது சிலிண்டர் வந்தால் 114 கிலோ, உரிமம் கட்டாயம். தரைத்தளத்தில் இனிப்புக் கடை, முதல் மாடியில் உணவகம், அதற்கு மேல் விருந்துக்குச் சமைத்துத் தருபவர் எனத் தில்லியின் கடைவீதிகளில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு கட்டடத்தில், மூவரும் ஐந்தைந்து சிலிண்டர்கள் வைத்திருந்தால் கட்டடத்தில் இருப்பது 285 கிலோ. மூவரின் கணக்கையும் கூட்டிப் பார்ப்பவர் நடைமுறையில் எவரும் இல்லை. கூட்டிப் பார்க்கக் கூடியவர் கட்டட உரிமையாளர் ஒருவரே. ஆனால் அவர் பெரும்பாலும் வாடகை வாங்கும் நாளில் மட்டுமே அங்கு வருபவர்.

வாடகை ஒப்பந்தங்களும் இதற்குத் துணை போகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதனால் நாடெங்கும் 11 மாத ஒப்பந்தமே வழக்கமாகிவிட்டது. பதினொரு மாதத்தில் காலி செய்யச் சொல்லக்கூடும் என்ற நிலையில் உள்ள கடைக்காரர், சிலிண்டர்களை வெளியே தனி அறையில் வைத்து உலோகக் குழாய் வழியே எரிவாயுவை அடுப்புக்குக் கொண்டுவரும் அமைப்புக்குச் செலவிடுவாரா? சுவரை உடைக்க உரிமையாளரும் சம்மதிப்பதில்லை. ஆகவே சிலிண்டர் அடுப்பின் காலடியிலேயே நிற்கிறது, ரப்பர் குழாயோடு. விபத்து நேர்ந்தால் குற்றவியல் வழக்கில் முதலில் சிக்குபவரும் கடைக்காரரே. மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பர் 29-ஆம் தேதி 14 பேரைப் பலிகொண்ட தீ விபத்தில் (அதற்குக் காரணம் எரிவாயு அன்று) வளாக உரிமையாளர்கள் இருவரும் கைதாகினர். 2020-இல் செஷன்ஸ் நீதிமன்றம் அவர்களை வழக்கிலிருந்து விடுவித்தது.

சமையல் எரிவாயு காற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலைந்து போகாது. தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் இரண்டு சதவீத அளவு கலந்தாலே ஒரு தீப்பொறி போதும். அதனால்தான் அடித்தளத்தில் சிலிண்டர் வைக்கலாகாது. இடத்தின் வாடகையோ வேறு கணக்குப் போடுகிறது: மேசைகளுக்கு முன்புறம், அடுப்புக்கு அடித்தளம். கோவாவின் அர்போராவில் 2025 டிசம்பரில் கேளிக்கை விடுதி ஒன்றில் 25 பேர் இறந்தபோது முதலில் பழி சிலிண்டர் மீதே விழுந்தது. உள்ளே கொளுத்தப்பட்ட வாணவெடிகளே காரணம் எனப் பின்னர் தெரிய வந்தது. ஆனால் மாண்டவர்களில் பெரும்பாலோர் விடுதி ஊழியர்கள். அடித்தளத்துச் சமையற்கூடத்தில் பலர் மூச்சுத் திணறி இறந்தனர்.

விலையும் விபத்துக்கு வழி செய்கிறது. வீட்டு சிலிண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், வணிக சிலிண்டருக்கு 18 சதவீதம். இந்த இடைவெளியில்தான் 14.2 கிலோ சிலிண்டர்கள் பின்வாசல் வழியே தேநீர்க் கடைகளுக்குள் நுழைகின்றன. எண்ணெய் நிறுவனங்களின் காப்பீட்டில், சிலிண்டர் விபத்தில் இறப்பவருக்கு ரூ.6 லட்சம் வரையும், சொத்துச் சேதத்துக்கு ரூ.2 லட்சம் வரையும் உண்டு. சொத்துச் சேதத்துக்கான தொகை, பதிவு பெற்ற வாடிக்கையாளரின் பதிவு செய்யப்பட்ட இடத்துக்கு மட்டுமே. யாருடைய பெயரிலோ வாங்கிய சிலிண்டர் கடையில் வெடித்தால் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தொழிலாளர் நிலை இதைவிடப் பரிதாபம். பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் குறித்த சட்டத் தொகுப்பு, 2020 செப்டம்பர் 22-இல் மக்களவையிலும், மறுநாள் எதிர்க்கட்சிகள் புறக்கணித்த மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அதிக விவாதமின்றி நிறைவேறிய அச்சட்டம் ஐந்தாண்டு கழித்து, 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தது. பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே அது பொருந்தும். ஒரு சமையற்காரர், இரு உதவியாளர்கள், பாத்திரம் கழுவும் ஒருவர், பரிமாறுவோர் மூவர் என ஏழு பேருடன் நடக்கும் கடை அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது. அவர்களில் சிலர் இரவில் படுத்துறங்குவதும் அதே சிலிண்டர்களுக்கு அருகில்தான்.

எனினும் அத்தொகுப்பிலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. அபாயகரமான பணி நடக்கும் இடமாயின், ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் சட்டத்தைப் பொருந்தச் செய்து அரசு அறிவிக்கை வெளியிடலாம். அந்த அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. சிறு உணவகத்தின் சமையற்கூடம் அபாயகரமான பணியிடம்தானா என்பதை இனி முடிவு செய்ய வேண்டியது அந்த அரசே.