வியர்த்த அளவுக்கு உப்பு

தமிழ்நாட்டின் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்குள் நுழைந்தால் கடைப் பலகைகளின் எழுத்து மாறுகிறதே தவிர, வெயில் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமுமாகப் பிரிந்தன. வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசும் எல்லைக் கிராமத்துக் குடும்பங்கள் இரண்டு பக்கமும் ஒரே புழுக்கத்தில்தான் வேலை செய்கின்றன. கடலோரப் பகுதியில் வெப்ப அலை என்று அறிவிக்க 37 டிகிரியாவது தொட வேண்டும் என்பது வானிலைத் துறையின் கணக்கு. இங்கே பல நாட்களில் 34, 35 டிகிரிதான் இருக்கும். ஆனால் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகிப் பறந்தால்தான் உடல் குளிரும். அது ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுந்தால் குளிர்ச்சியும் கிடைக்காது, உப்பும் போய்விடும். ஆகவே வெப்பமானியின் எண்ணை மட்டும் பார்த்து, 'இது ஒரு வெயிலா' என்று இந்த ஊர்க்காரர் அசட்டையாக இருக்கக் கூடாது.

கொத்தனார் வேலை முடித்துக் கழற்றிப் போட்ட சட்டை காய்ந்த பின், முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரியும். அது உடலிலிருந்து வெளியேறிய உப்பு. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் இருக்கும், சமையல் உப்புக் கணக்கில் இரண்டரை கிராம். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரமாகும். பழகிய பிறகு வியர்வையில் உப்பு குறைந்து போகும். அதனால்தான் கோடை தொடங்கிய முதல் நாட்களும், நீண்ட விடுப்புக்குப் பின் வேலைக்குத் திரும்பும் நாட்களும் அதிக ஆபத்தானவை. கடும் வேலையில் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது அபூர்வமில்லை. இத்தனை உப்பு போன உடம்பில் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாக ஊற்றினால், இரத்தத்தில் மிச்சமிருக்கும் சோடியமும் நீர்த்துவிடும். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு என்று தொடங்கி, முற்றினால் வலிப்பு வரை போகும். 1920களில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு வந்த தசைப்பிடிப்பை ஆராய்ந்தவர்கள், குடிநீரில் உப்புச் சேர்த்ததும் அது அடங்குவதைக் கண்டார்கள்.

அந்த உப்பு எதோடு சேர்ந்து உள்ளே போக வேண்டும் என்பதற்கான பதிலும் ஓர் எல்லை ஊரிலிருந்தே கிடைத்தது. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து வாய்வழியே குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன. அவை நுழையும்போது தண்ணீரையும் கூட இழுத்துக்கொள்கின்றன. பிற்பாடு, குளுக்கோஸுக்குப் பதில் அரிசி மாவை வைத்தும் இதே கரைசலைச் செய்து வெற்றி கண்டார்கள். அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைவதே காரணம். உப்புப் போட்ட கஞ்சி வயல்காட்டில் ஏன் கைகொடுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே என் வாதம் இதுதான்: வெயிலில் உழைப்பவருக்குக் கஞ்சியும் சம்பாரமும் போதும், கடைப் பாட்டில் தேவையில்லை. புளித்த மோரில் இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டு, உப்பிட்டு, தண்ணீர் விட்டுப் பெருக்கிய சம்பாரத்தில் நீரும் சோடியமும் பொட்டாசியமும் கொஞ்சம் கால்சியமும் இருக்கின்றன. ஒரு லிட்டருக்கு மட்டமாகக் கால் டீஸ்பூன் உப்பு போதும். மிச்சம் சாப்பாட்டில் வந்துவிடும். மக்னீசியத்துக்கு மாத்திரை தேடுகிறவர்கள் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் பயறை மறந்துவிடுகிறார்கள். வியர்வையில் போகும் மக்னீசியம் மிகக் குறைவு. ஒரு கிண்ணம் பயறு அதை ஈடுகட்டும். 2023 கோடையில் கேரள அரசு ஊர்தோறும் தண்ணீர்ப் பந்தல் திறக்கச் சொன்னபோது, குளிர்ந்த தண்ணீரோடு சம்பாரமும் வைக்கச் சொன்னது சரியான முடிவு.

கருக்கு, அதாவது இளநீர், சம்பாரத்துக்குச் சமமில்லையா என்று கேட்பார்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் மிகுதியாக இருப்பது பொட்டாசியம், சோடியமோ கொஞ்சம். வியர்வையில் போவது இதற்கு நேர்மாறு. குடித்தவர் கூடவே உப்புள்ள உணவும் சாப்பிட வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய அக்கானியும் (பதநீர்) ருசிதான், ஆனால் அதன் இனிப்பு அதிகம். சர்க்கரை கூடினால் வயிற்றிலிருந்து நீர் இறங்குவது தாமதமாகும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு கல் உப்புப் போடலாம். குளிர்பானங்களுக்கும் இதே குறை உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்றக் கரைசல்) என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அரசு சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையே வாங்கிக் கரையுங்கள்.

வலுவான மறுப்பு இரத்த அழுத்தத்தைப் பற்றியது. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்குமேல் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாமோ சராசரியாக 8 கிராமுக்குக் குறையாமல் சாப்பிடுகிறோம். அப்படியிருக்க இன்னும் உப்பா? நியாயமான கேள்வி, அதனால்தான் 'வியர்த்த அளவுக்கு' என்கிறேன். மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருப்பவர் வெயில் அடிக்கிறதே என்று உப்பைக் கூட்டுவது தவறு. அவருக்குத் தண்ணீரும் வழக்கமான சோறும் போதும். நாலு மணி நேரம் கல் சுமப்பவரிடம் உப்பே வேண்டாம் என்பதும் அதே அளவுக்குத் தவறு. அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை சாப்பிடுபவர்களும் இதய நோயாளிகளும் கோடைக்கு முன்னரே மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரையும் கேட்காமல் குடிக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பலர், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அங்கே கழிப்பறை இல்லாமல் மோர்ப்பானை வைத்துப் பயனில்லை. பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் போடும் உத்தரவுக்கும் எந்தப் பானமும் மாற்றாகாது. ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நிழலுக்குத் தூக்கிச் சென்று உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். வேலை தரும் மேஸ்திரிகளும் வீட்டுக்காரர்களும் இந்தக் கோடையில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உப்பிட்ட மோரோ கஞ்சித் தண்ணீரோ ஒரு பானை வையுங்கள்.