பழைய இரும்பு, புதிய உயிர் – 9
டேப்பட் சத்தம்: காதை நம்புங்கள், அவசரத்தை நம்பாதீர்கள்

வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய 350 புல்லட்டை வாங்கியவர்கள் மெக்கானிக்கிடம் சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் இதுதான்: "டேப்பட் சத்தம் வருது, கொஞ்சம் டைட் பண்ணுங்க." இந்தக் கோரிக்கையை அப்படியே நிறைவேற்றினால் நல்ல எஞ்சின் ஒன்று கெட்டுப்போகும். புல்லட்டில் லேசான டேப்பட் சத்தம் நோயல்ல. சத்தமே இல்லாத டேப்பட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் உருவான இந்த எஞ்சினின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் மாறவில்லை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. வலப்பக்கம் கீழே கேம்கள். அவற்றின் மேல் டேப்பட். அங்கிருந்து இரண்டு அலுமினியக் கலவை புஷ்ராடுகள் மேலே போய் ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கிறது. இந்த வரிசையில் எங்கே இடைவெளி கூடினாலும் உலோகம் உலோகத்தைத் தட்டும்.

முதலில் சத்தத்தின் வேகத்தைக் கவனியுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்றுதான் சுற்றும். ஆகவே டேப்பட் சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதிதான் இருக்கும். ஐடிலிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினால், ஒரு வால்வின் தட்டல் 450 முறை கேட்கும். தையல் மெஷின் ஓடுவதுபோல் சீரான, மெல்லிய 'டிக் டிக்'. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கனமான 'டொக்' கேட்டால் சந்தேகம் பிக் எண்டின் மேல் விழ வேண்டும். அப்போது வண்டியை ஓட்டாதீர்கள்.

அடுத்தது, சத்தம் எப்போது வருகிறது என்பது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பலமாகக் கேட்டு, சூடேறியதும் அடங்கினால் அது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுவது. டேப்பட் சத்தம் சூட்டில் அடங்காது. சற்றுக் கூடவும் செய்யும். மேட்டில் திராட்டிலைத் திருகும்போது மட்டும் 'கிணிகிணி' என்றால் இக்னிஷன் டைமிங்கையும் பெட்ரோல் கலவையையும் பாருங்கள். பலரை ஏமாற்றுவது இன்னொன்று: ஹெட்டில் சைலன்சர் குழாய் சேரும் இடத்தில் புகை கசிந்தால், அதுவும் டேப்பட் போலவே டிக் டிக்கென்று ஒலிக்கும். அந்த இணைப்பில் கரி படிந்த தடம் இருந்தால் வால்வைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

இடத்தை உறுதி செய்ய நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். பிடியைக் காதோரம் வைத்து, முனையை ராக்கர் மூடியிலும் பின்பு கீழே டேப்பட் மூடியிலும் ஊன்றிக் கேளுங்கள். இடப்பக்கம் அதிகம் கேட்டால் பிரைமரி செயினைச் சோதிக்க வேண்டும்.

எல்லாம் பார்த்தபின் டேப்பட்தான் என்று உறுதியானால், எஞ்சின் முழுதாகக் குளிரட்டும். இரவு முழுவதும் நின்ற வண்டி மிக நல்லது. பிளக்கையும் சிலிண்டரின் வலப்பக்க அடியிலிருக்கும் டேப்பட் மூடியையும் கழற்றி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்லெட் புஷ்ராடு ஏறி இறங்கியபின் பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடத்தில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். அந்த நிலையில் புஷ்ராடை விரல்களால் உருட்டுங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. இந்த எஞ்சினுக்கு ஃபீலர் கேஜ் வேண்டாம், விரல்தான் அளவுகோல். அப்படி இல்லையென்றால் லாக்நட்டைத் தளர்த்தி அளவைச் சரிசெய்யுங்கள். லாக்நட்டை முறுக்கியபின் மறுபடி உருட்டிப் பாருங்கள். முறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும்.

குளிர்ந்த நிலை ஏன்? சூடேறும்போது சிலிண்டரும் ஹெட்டும் விரிந்து சிறு இடைவெளி தானே உண்டாகும். சூடான எஞ்சினில் அந்த இடைவெளியைப் பூஜ்யமாக்கினால், குளிர்ந்ததும் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை, மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குத் தள்ளுகிறது. அந்தத் தொடர்பு அறுந்தால் வால்வின் விளிம்பு எரியும், கம்ப்ரஷன் போகும், ஸ்டார்ட் ஆவதே பாடாகும். சத்தத்தை அடக்க முறுக்கிய அரைச் சுற்றுக்கு ஹெட் வேலை முழுவதும் விலையாகிறது.

சரியாக வைத்த பின்பும் சத்தம் விரைவில் திரும்பினால் மீண்டும் முறுக்காதீர்கள். ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது. புஷ்ராடின் இரும்பு முனை தளர்ந்திருக்கலாம், டேப்பட்டின் அடிப்பகுதியோ கேமோ குழி விழுந்திருக்கலாம், ராக்கருக்குப் போகும் வெளி ஆயில் குழாய் அடைத்திருக்கலாம். இவற்றில் செலவு குறைந்தது ஆயில் குழாய். ஆகவே அதை முதலில் பாருங்கள்.

பழைய எஞ்சின் பேசும். முதலில் அதைச் சொல்லி முடிக்கவிட்டு, பிறகு ஸ்பேனரை எடுப்பவரே நல்ல மெக்கானிக். உங்கள் வண்டியைத் தரும்போது "சத்தத்தை நிறுத்துங்க" என்று கேட்காதீர்கள். "எங்கிருந்து வருதுன்னு பாருங்க" என்று கேளுங்கள்.

(அடுத்த வாரம்: பாயின்ட்டும் கண்டென்சரும்)