சேர்க்கைக் கடிதம் கையில், வாசல் பூட்டியிருக்கிறது: காஸா மாணவர்களின் மேற்படிப்பு

காஸாவில் ஒரு பட்டதாரிக்கு வெளிநாட்டில் முதுகலை படிக்க இடம் கிடைத்துவிட்டது, முழு உதவித்தொகையும் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டுப் பிள்ளை என்றால் அன்றே சொந்தக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் இனிப்பு போயிருக்கும். அங்கே சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். விசா கேட்கும் மாணவர் நேரில் போய்க் கைரேகையும் முகப்படமும் பதிய வேண்டும். காஸாவில் இருந்த பதிவு மையம் 2023 அக்டோபரில் மூடப்பட்டது. எகிப்துக்கோ ஜோர்தானுக்கோ போய்ப் பதியலாம் என்றால், வெளியேற அனுமதி வேண்டும். எகிப்துக்கான ரஃபா வாசலை 2024 மே மாதம் இஸ்ரேலியப் படை கைப்பற்றியது. அந்த வழியும் அடைந்தது. விசா இல்லாமல் வெளியே வர முடியாது, வெளியே வராமல் விசா கிடைக்காது. காயல்பட்டினத்திலிருந்தோ அதிராம்பட்டினத்திலிருந்தோ கைரேகை பதியச் சென்னைக்கு ஒரு நாள் அலைவதற்கே நாம் எவ்வளவு சலித்துக்கொள்கிறோம்!

இந்த முடிச்சைப் பணம் அவிழ்க்கவில்லை. பிரிட்டிஷ் எம்.பி.க்களும் பேராசிரியர்களும் மாணவர்களும் மாதக்கணக்கில் விடாமல் கேட்டார்கள். அதன் பிறகே அந்நாட்டு அரசு இறங்கிவந்தது. 2025 செப்டம்பரில் உதவித்தொகை பெற்ற முதல் குழுவினர் ஜோர்தான் வழியாகப் பிரிட்டன் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தை உள்ளவர்களுக்கு அப்போதும் சோதனை விடவில்லை. பிள்ளையைக் காஸாவில் விட்டுவிட்டுப் படிக்கப் போவதா, இடத்தையே கைவிடுவதா என்று சில தாய் தந்தையர் தவிக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா காஸாவினருக்கான பார்வையாளர் விசாக்களை நிறுத்திவைத்தது.

எல்லாம் 2023-க்குப் பிறகு வந்த சங்கடம் என்று நினைக்க வேண்டாம். 2008-லேயே காஸாவைச் சேர்ந்த ஏழு பேருக்குக் கொடுத்த ஃபுல்பிரைட் உதவித்தொகையை அமெரிக்கா திரும்பப் பெற்றது. அவர்கள் வெளியேற இஸ்ரேல் அனுமதி தரவில்லை என்பதே காரணம். செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்ததும் உதவித்தொகை மீண்டும் வழங்கப்பட்டது. ஆனாலும் அந்த ஏழு பேரில் எல்லோராலும் போய்ச் சேர முடியவில்லை.

இத்தனை பாடுபட்டு ஒருவரை வெளியே கொண்டுவந்து முதுகலையும் முனைவர் பட்டமும் படிக்க வைப்பது எதற்கு? காஸாவில் பாடம் நடத்த ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். 1978-ல் தொடங்கிய காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 2023 அக்டோபரில் குண்டுவீச்சுக்கு உள்ளானது. 2024 ஜனவரியில் இஸ்ரா பல்கலைக்கழகக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2024 ஏப்ரலில் ஐ.நா. நிபுணர்கள் விடுத்த அறிக்கை, கொல்லப்பட்ட பல்கலைக்கழக ஆசிரியர்கள் 95 பேர் என்று கணக்குச் சொன்னது. காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் தலைவரும் இயற்பியலாளருமான சுஃப்யான் தாயிஹ் 2023 டிசம்பர் 2 அன்று கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து, அங்கே ஆங்கில இலக்கியம் கற்பித்த ரிஃபஅத் அல்அரீர் கொல்லப்பட்டார்.

ரிஃபஅத் படித்த பாதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காஸாவில் இளங்கலை, லண்டனில் முதுகலை, மலேசியாவின் புத்ரா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். நம் தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் பலர் படிக்கப் போகும் அதே மலேசியாதான். படித்து முடித்து அவர் ஊர் திரும்பினார். ஷேக்ஸ்பியரையும் ஜான் டன்னையும் காஸா மாணவர்களுக்குக் கற்பித்தார், அவர்களைக் கதை எழுத வைத்துத் தொகுத்தார். மேற்படிப்பு உதவி என்பது இப்படிப் போய்த் திரும்பும் ஒரு பாதை.

ஆகவே காஸா கல்வியாளர்களுக்கே இதில் ஒரு கவலை உண்டு. 1948-ல் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள் திரும்பவே முடியாமல் போன மண் அது. படித்தவர்களை எல்லாம் வெளியே அழைத்துக்கொண்டால் நாளை பல்கலைக்கழகத்தை யார் எழுப்புவது? 2024 மே மாதம் காஸாவின் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் உலகுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், தங்கள் நிறுவனங்களைத் தாங்களே மீண்டும் கட்டவும், அதுவரை இணையவழியில் பாடம் நடத்தவும் துணை நில்லுங்கள் என்று கேட்டார்கள். நாம் அந்தக் கோரிக்கையை முதலில் வைத்தே மற்றதை யோசிக்க வேண்டும் என்று கருதுகிறோம். பாலஸ்தீனப் பல்கலைக்கழகங்களின் இளம் ஆசிரியர்களைப் பிரிட்டனில் மேற்படிப்பு படிக்க வைக்கும் ஹெஸ்பால் திட்டம் 2010 முதல் நடப்பது. படித்தவர் தம் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிக் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இப்படிப்பட்ட திட்டங்களே நமக்குப் பொருத்தமாகப் படுகின்றன.

நம்மால் என்ன ஆகும்? வாட்ஸ்அப்பில் வரும் தனிநபர் வங்கி எண்ணுக்குப் பணம் அனுப்ப அவசரப்பட வேண்டாம். ஏமாற்று ஒரு பக்கம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் சட்டம் மறுபக்கம். ஸகாத் நிதியிலிருந்து தர விரும்புவோர் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பணத்தைவிட அதிகம் செய்யக்கூடியவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். மலேசியாவிலோ வளைகுடாவிலோ பிரிட்டனிலோ கல்லூரிகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் தங்கள் துறையில் பேசலாம். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லலாம். எரிந்துபோன அசல் சான்றிதழுக்குப் பதிலாக மின்னணுப் படியை ஏற்கச் சொல்லலாம். ஆங்கிலத் தேர்வு மையத்துக்குப் போக முடியாதவரை இணையவழி நேர்காணலில் சோதிக்கச் சொல்லலாம். குறித்த தேதியில் வந்து சேர முடியாவிட்டால் இடத்தை ரத்து செய்யாமல் அடுத்த பருவத்துக்கு மாற்றச் சொல்லலாம். இந்தக் கடைசி ஒன்று கிடைக்காமல் போனால் முன்பு செய்த அத்தனையும் வீண்.

வந்து இறங்கிய பிறகு வேறு கணக்கு. பிரிட்டனில் வீடு வாடகைக்கு எடுக்க வேண்டுமானால் பல உரிமையாளர்கள் அந்நாட்டில் வசிக்கும் ஒருவரின் ஜாமீன் கேட்பார்கள். காஸாவிலிருந்து ஒரு பையோடு வரும் மாணவருக்கு அங்கே ஜாமீன் போட யார் இருக்கிறார்கள்? லண்டனிலும் லெஸ்டரிலும் குடியிருக்கும் நம்மவர்கள் ஒரு கையெழுத்தில் செய்யக்கூடிய உதவி இது.