காட்டின் கணக்கைச் சொல்லும் மகரந்தத் தூள்

பின்லாந்து, ஸ்வீடன் ஆகிய வடநாடுகளில் குளிர்காலப் பனி உருகிய பின், ஜூன் மாத வாக்கில் பைன் மரங்கள் பூக்கின்றன. அப்போது ஏரிகளின் நீர்ப்பரப்பில் மஞ்சள் நிற ஏடு படிந்து மிதப்பதைக் காணலாம். காற்றில் பறந்து வந்து விழுந்த மகரந்தத் தூளே அது. இத்தூளில் பெண் பூவைச் சென்றடைவது மிகச் சிறு பங்குதான். மீதி நிலத்திலும் நீரிலும் விழுந்துவிடுகிறது. மரத்திற்குப் பயன்படாத இந்த மீதித் தூள், காடுகளைப் பற்றி ஆராய்பவர்களுக்கு ஒரு பதிவேடாக உதவுகிறது.

மகரந்தத் தூளின் ஒவ்வொரு மணிக்கும் உறுதியான மேலோடு உண்டு. இது ஸ்போரோபொலனின் என்னும் பொருளால் ஆனது. கடுமையான அமிலமும் இதை எளிதில் கரைப்பதில்லை. காற்றோட்டம் இல்லாத சதுப்பு நிலத்திலும் ஏரியடிச் சேற்றிலும் மகரந்த மணிகள் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் இருக்கின்றன. இன்ன மரத்தின் மணி என்பதை உருவத்தைக் கொண்டே பெரும்பாலும் அறியலாம். பைன் மணிக்கு இரு காற்றுப் பைகள் உண்டு; பிர்ச் மணியில் மூன்று துளைகள் தெரியும்.

ஸ்வீடன் நாட்டு நிலவியல் அறிஞர் லென்னார்ட் வான் போஸ்ட், 1916ஆம் ஆண்டில் இதைப் பயன்படுத்தும் வழியை எடுத்துரைத்தார். சதுப்பு நிலத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள மகரந்த மணிகளை எண்ணி, சதவீதம் கண்டு, பழங்காலக் காடுகள் மாறிவந்த விதத்தை அவர் வரைபடமாகக் காட்டினார்.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. எண்ணிய நூறு மணிகளில் அறுபது பைன் மணிகள் என்றால், அக்காட்டில் நூற்றுக்கு அறுபது பைன் மரங்கள் இருந்தன என்று கொள்ளலாமா? கூடாது. ஏன் என்பதை இன்றைய காட்டின் தரையே விளக்குகிறது.

பாசி மெத்தையில் சோதனை

வடநாட்டுக் காடுகளின் தரையில் பச்சைப் பாசி மெத்தை போல் வளர்ந்திருக்கும். மேலிருந்து விழும் மகரந்தத் தூளை இது பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு கைப்பிடிப் பாசியில் பல ஆண்டுகளின் தூள் சேர்ந்திருக்கும். இதை எடுத்துவந்து காரத்திலும் பின்னர் அமிலக் கலவையிலும் பக்குவப்படுத்தினால், மற்றவை பெரும்பாலும் கரைந்து மகரந்த மணிகள் மிஞ்சும். இவற்றை மைக்ரோஸ்கோப்பில் வைத்து சில நூறு மணிகள் வரை எண்ணுகிறார்கள். பாசி எடுத்த இடத்தைச் சுற்றியுள்ள மரங்களையும் இனவாரியாக அளக்கிறார்கள். இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

மரத்துக்கு மரம் வேறுபாடு

பைன், பிர்ச் ஆகிய இரண்டும் தாராளமாகத் தூளைக் கொட்டுபவை. பிர்ச் மரத்தின் ஒரு பூச்சரத்திலேயே மணிகள் பத்து லட்சக்கணக்கில் உள்ளன. மணி சிறியதாதலால் வெகுதூரம் பறக்கிறது. ஸ்புரூஸ் மணிக்கும் காற்றுப் பைகள் உண்டு. ஆயினும் பெரிய மணியாதலால் விரைவில் தரை சேர்கிறது. தவிர, ஸ்புரூஸ் எல்லா ஆண்டுகளிலும் ஒரே அளவில் பூப்பதில்லை.

சைபீரியாவில் பரந்து விரிந்துள்ள லார்ச் மரத்தின் நிலை வேறு. அதன் மணிக்குக் காற்றுப் பை கிடையாது. எனவே மரத்தின் அருகிலேயே விழுந்துவிடுகிறது. லார்ச் நிறைந்த காட்டிலும் அதன் மணிகள் குறைவாகவே கிடைக்கும். ஆஸ்பென் மணியோ மெல்லிய ஓடு கொண்டதால் எளிதில் சிதைந்துபோகிறது. ஆகவே, லார்ச் மணிகள் சில கிடைத்தாலும் அதற்கு மதிப்பு அதிகம். பைன் மணிகள் சில கிடைத்தால் அருகில் பைன் மரம் இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

திருத்தக் கணக்கு

டென்மார்க் நாட்டின் ஸ்வென்ட் ஆண்டர்சன், திராவெட் காட்டில் பாசி மாதிரிகளை ஆராய்ந்து, 1970இல் ஒரு திருத்தக் கணக்கை வெளியிட்டார். அதன்படி பீச் மணிகளின் எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். பைன், பிர்ச், ஓக் மணிகளை நான்கால் வகுக்க வேண்டும். ஸ்புரூஸ் மணிகளை இரண்டால் வகுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: பைன் 60, ஸ்புரூஸ் 30, பீச் 10 ஆக நூறு மணிகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். திருத்தினால் பைன் 15, ஸ்புரூஸ் 15, பீச் 10, மொத்தம் 40 ஆகும். இப்போது காட்டில் பீச்சின் பங்கு நூற்றுக்குப் பத்து அல்ல, இருபத்தைந்து! பைனின் பங்கோ அறுபதிலிருந்து முப்பத்தேழரையாக இறங்கிவிடுகிறது. இத்திருத்த எண்கள் எல்லா நாட்டிற்கும் பொருந்துவன அல்ல. அந்தந்த வட்டாரத்திற்கு அங்குள்ள காட்டிலேயே சோதித்துக் காண வேண்டும்.

எவ்வளவு தூரத்துத் தூள்?

அடர்ந்த காட்டினுள் எடுத்த பாசியில், சுற்றிலும் சில பத்து மீட்டருக்குள் உள்ள மரங்களின் தூளே மிகுதி. பெரிய ஏரியின் நடுவிலோ பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த தூளும் கலந்திருக்கும். ஆகவே சிறு குட்டை பக்கத்துத் தோப்பைக் காட்டும். பெரிய ஏரி வட்டாரத்தையே காட்டும். கம்பு, மக்காச்சோளம் ஆகியவற்றின் விதைப் பயிருக்குப் பயிர் விலகு தூரம் விடும் விவசாயிகளுக்கு, காற்றில் செல்லும் மகரந்தத்தின் போக்கு புதிதல்ல.

சதவீதக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. மர எல்லைக்கு வடக்கே, மரமே வளராத குளிர்வெளியில், அங்குள்ள சிறு செடிகள் குறைந்த தூளையே தருகின்றன. அதனால் தொலைவிலிருந்து காற்றில் வரும் பைன் மணிகளே பெரும் சதவீதமாகத் தோன்றும். இதைத் தவிர்க்க, தரையில் பொறிக் கலங்களைப் புதைத்து, ஒரு சதுர சென்டிமீட்டரில் ஓராண்டில் எத்தனை மணிகள் விழுகின்றன என்று கணக்கிடுகிறார்கள். வட பின்லாந்தில் இவ்வாறு ஆண்டுதோறும் அளந்ததில், ஒரு ஜூலை மாதம் வெப்பமாக அமைந்தால் அடுத்த ஆண்டில் பைன் தூள் மிகுவதும் தெரியவந்தது.

பயிருக்கும் இதே நியாயம்

கோதுமையும் பார்லியும் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். அவற்றின் தூள் பெரும்பாலும் உமிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கம்பைப் போல அயல் மகரந்தச் சேர்க்கை கொண்ட ரை தானியமோ காற்றில் ஏராளமாகத் தூளை விடுகிறது. எனவே கோதுமை மணிகள் கிடைக்கவில்லை என்பதால் அங்கே விவசாயமே நடக்கவில்லை என்று முடிவு கட்டுவது பெரும் பிழையாகும். டென்மார்க்கின் யோகன்னஸ் ஐவர்சன் 1941இல், கற்கால மக்கள் காடு திருத்திப் பயிரிட்டதை மகரந்தத்தின் துணையால் காட்டினார். அவர் தானிய மணிகளோடு நிற்கவில்லை. மர மணிகள் குறைந்ததையும், மேய்ச்சல் நிலத்துக் களைச்செடிகளின் மணிகள் கூடியதையும் சேர்த்துப் பார்த்தே அம்முடிவுக்கு வந்தார்.

பிற்காலத்தில் ஷின்யா சுகிதா என்ற அறிஞர், தூளின் அளவு, விழும் வேகம், ஏரியின் பரப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு ஒரு முறையை உருவாக்கி, 2007இல் வெளியிட்டார். தென் ஸ்வீடனில் இம்முறையை இன்றைய நிலவரத்தோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, வெறும் மகரந்தச் சதவீதம் வயலையும் புல்வெளியையும் குறைத்தே காட்டிவந்தது உறுதியாயிற்று. முன்பு எங்கே காடு இருந்தது, எங்கே மேய்ச்சல் நிலம் இருந்தது என்று பார்த்து மரம் நடும் இடத்தை முடிவு செய்யும்போது, இவ்வேறுபாடு மிக முக்கியமாகிறது.

நம் நீலகிரியிலும் பள்ளங்களில் படிந்த மட்கிய சேற்று அடுக்குகளில் மகரந்தம் எண்ணப்பட்டுள்ளது. அங்கே புல் காற்றை நம்பிப் பூக்கிறது. சோலை மரங்களில் பல பூச்சிகளை நம்பிப் பூக்கின்றன. ஆகவே எண்ணிக்கையில் புல் மிகுந்திருப்பதைக் கண்டதும் சோலை இல்லை என்று கூறிவிடலாகாது. எந்த மரம் எவ்வளவு தூளை விடும், அது எவ்வளவு தூரம் போகும் என்பதை இன்றைய தரையில் அளந்தறிந்த பின்னரே பழைய சேற்றின் கணக்கைப் படிக்க வேண்டும்.