கூலிங் கிளாஸ் போட்டால் காணாமல் போகும் ஸ்பீடு

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். புது வண்டி வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. "முன் கண்ணாடியில ஸ்பீடு காட்டுமே, அது பகல்ல வேலை செய்ய மாட்டேங்குது. ராத்திரி மட்டும் பளிச்சுனு இருக்கு. சர்வீஸ்ல விட்டா, ஒண்ணும் பிரச்சினை இல்லைனு திருப்பி அனுப்பிடறாங்க" என்றார். இரண்டு தடவை விட்டிருக்கிறார், இரண்டு தடவையும் அதே பதில்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பகல்ல கூலிங் கிளாஸ் போடுவீங்களா?" போடுவாராம். போலரைஸ்டு. சர்வீஸ் சென்டர்காரர் அதைப் போடாமல் ஓட்டிப் பார்த்திருக்கிறார், அவருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

அன்று சாயந்திரம் அவர் வண்டியிலேயே உட்கார்ந்து பார்த்தோம். கண்ணாடியோடு நேராகப் பார்த்தால் எண்கள் கிட்டத்தட்ட இல்லை. தலையைத் தோள் பக்கமாகச் சாய்த்தால் மெல்லத் திரும்பி வருகின்றன. டிஸ்ப்ளே பழுது என்றால் தலையைச் சாய்த்ததும் சரியாகாது. அப்படியானால் என்னதான் நடக்கிறது?

இதற்கான பதில் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் 'தளவிளைவு' என்ற தலைப்பில் இருக்கிறது. நாம் எல்லாரும் பரீட்சைக்குப் படித்து மறந்த பாடம். ஒளி ஒரு அலை, அது போகும் திசைக்குக் குறுக்கே அதிர்கிறது. சாதாரண வெயிலில் இந்த அதிர்வு எல்லாப் பக்கமும் கலந்து இருக்கும். ஆனால் தண்ணீர், கண்ணாடி, ஈரமான தார் ரோடு போன்றவற்றில் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, கிடைமட்டமாக அதிரும் ஒளி அதிகமாகவும் மற்றது குறைவாகவும் திரும்புகிறது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கிடைமட்ட ஒளி மட்டுமே திரும்பும். அதுதான் புரூஸ்டர் கோணம். தண்ணீருக்கு சுமார் 53 டிகிரி, கண்ணாடிக்கு சுமார் 57 டிகிரி.

இதை முதலில் கவனித்தவர் எத்தியன் லூயி மாலஸ் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். 1808இல் பாரிஸில், லக்ஸம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தார். படிகத்தைச் சுற்றச் சுற்ற அதில் தெரிந்த இரட்டை பிம்பங்களில் ஒன்று மங்கி மற்றது பிரகாசமானது. நண்பர் காரில் தலையைச் சாய்த்துப் பார்த்ததும் அதே சோதனைதான், படிகத்துக்குப் பதிலாகத் தலை.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இந்தக் குணத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. செங்குத்தாக அதிரும் ஒளியை விட்டுவிட்டு, கிடைமட்ட ஒளியைத் தடுக்கிறது. பிற்பகல் நான்கு மணி வாக்கில் ஈசிஆரில் மரக்காணம் தாண்டும்போது உப்பளத் தண்ணீரிலிருந்து கண்ணைக் குத்தும் வெளிச்சம் பெரும்பாலும் கிடைமட்ட ஒளிதான். வெறும் கறுப்புக் கண்ணாடி போட்டால் ரோடு, வண்டி, வெளிச்சம் எல்லாமே சேர்ந்து மங்கும். போலரைஸ்டு போட்டால் கூச்சம் மட்டும் பெருமளவு காணாமல் போகும். அதனால்தான் ஓட்டுகிறவர்களுக்கு இது பிடிக்கிறது, நியாயமும்கூட.

இப்போது டிஸ்ப்ளே பக்கம் வருவோம். டேஷ்போர்டுக்குள் பெரும்பாலும் ஒரு சின்ன எல்சிடி திரை இருக்கும். அதன் பிம்பம் உள்ளே இருக்கும் வளைந்த ஆடிகளில் பட்டு, முன் கண்ணாடியில் எதிரொளித்து நம் கண்ணுக்கு வரும். அந்தக் கண்ணாடி நன்றாகச் சாய்ந்திருப்பதால் ஒளி படும் கோணம் சுமார் 65 டிகிரி. இந்தக் கோணத்தில் கணக்குப் போட்டால், கண்ணாடியின் ஒரு பரப்பிலிருந்து கிடைமட்ட ஒளி சுமார் 24 சதவீதம் திரும்புகிறது, மற்ற வகை ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். எந்த இன்ஜினியராக இருந்தாலும் 24ஐத்தான் தேர்ந்தெடுப்பார். எல்சிடியிலிருந்து வரும் ஒளி எப்படியும் ஒரே திசையில் அதிரும் ஒளி, அதைக் கிடைமட்டமாக அமைத்துவிடுகிறார்கள்.

சிக்கல் இங்கேதான். உப்பளத் தண்ணீரின் கூச்சமும் டிஸ்ப்ளேயின் '60' என்ற எண்ணும் கூலிங் கிளாஸுக்கு ஒன்றுதான். இரண்டுமே சாய்ந்த பரப்பில் பட்டு வரும் கிடைமட்ட ஒளி. கண்ணாடி தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் எண் மறைகிறது. நல்ல கண்ணாடியாக இருந்தால் இன்னும் சுத்தமாக மறையும்.

தலையைச் சாய்த்தால் ஏன் வருகிறது என்பதற்கு மாலஸ் விதி பதில் சொல்லும். நேராக இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம், 30 டிகிரி சாய்த்தால் கால் பங்கு, 45 டிகிரியில் பாதி. பிரைட்னஸைக் கூட்டுவதால் பெரிய பலன் இல்லை. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே!

ஸ்கூட்டர் மீட்டர், போன், பெட்ரோல் பங்க் திரை ஆகியவை இதே கண்ணாடியில் கறுப்பாகத் தெரிவது கொஞ்சம் வேறு கதை. அங்கே நாம் எல்சிடியை நேரடியாகப் பார்க்கிறோம். அதனால் திரைக்கு மேல் கால் அலைத் தகடு என்ற மெல்லிய படலத்தை ஒட்டினால், ஒளி சுழலும் வகையாக மாறி, எந்தக் கோணத்திலும் ஏறக்குறைய பாதி தெரியும். சாதாரணத் தகடு ஒரு நிறத்துக்குத்தான் சரியாக வேலை செய்யும். பல தகடுகளைச் சேர்த்து, பல நிறங்களுக்கும் பொருந்தும்படி செய்யும் வழியை 1955இல் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் காட்டியவர் சி.வி. ராமனின் உறவினரான எஸ். பஞ்சரத்தினம். அப்போது அவருக்கு வயது 21. 35 வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்துபோனார்.

கார் டிஸ்ப்ளேக்கு அந்தத் தகடு மட்டும் போதாது. ஒளியை எப்படி மாற்றி அனுப்பினாலும், சாய்ந்த கண்ணாடி கிடைமட்டப் பங்கை மட்டும் பொறுக்கித் திருப்பிவிடும். அதனால் செங்குத்து வகை ஒளியையும் திருப்பக்கூடிய தனிப் பூச்சு முன் கண்ணாடியிலேயே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கண்ணாடிகள் வருகின்றன, ஆனால் எல்லா வண்டியிலும் இல்லை. 2022 பலேனோவில் வந்த மாதிரி தனியாக எழும்பி நிற்கும் சின்னத் தகட்டில் காட்டும் வகைகளில் கோணம் வேறு, அதனால் பாதிப்பும் வண்டிக்கு வண்டி மாறும்.

இது வெறும் வசதிப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. முன்னால் வண்டி நெருங்குகிறது என்ற எச்சரிக்கையும் சில வண்டிகளில் அதே இடத்தில்தான் வருகிறது. வராத ஒன்று 'நான் வரவில்லை' என்று சொல்லாது. ஸ்பீடு தெரியவில்லை என்றால் கவனிப்போம், எச்சரிக்கை வராமல் போனால் எப்படிக் கவனிப்போம்? அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, விமானிகளுக்குப் போலரைஸ்டு கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. காக்பிட் திரைகள் மறைவது அதற்கு ஒரு காரணம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வண்டி வாங்கும் முன் டெஸ்ட் டிரைவுக்கு உங்கள் கூலிங் கிளாஸை எடுத்துப் போங்கள், பகலிலேயே ஓட்டிப் பாருங்கள். கையில் இருப்பது போலரைஸ்டா என்று தெரியாவிட்டால், போன் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள், ஒரு நிலையில் திரை இருண்டால் போலரைஸ்டு. டிஸ்ப்ளேயை நம்பி ஓட்டுகிறவர் என்றால், போலரைஸ்டு இல்லாத, யூவி 400 போட்ட சாதாரண டின்ட் கண்ணாடி போதும். புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் போலரைஸ்டாக இருப்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள்.

நண்பர் இப்போது வண்டியில் இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறார். டிஸ்ப்ளே பார்த்து ஓட்டும் நாட்களில் சாதாரண டின்ட். மரக்காணம் வழியாகச் சாயந்திரம் வரும்போது மட்டும் போலரைஸ்டு, அன்றைக்கு ஸ்பீடுக்குப் பழையபடி மீட்டரைக் குனிந்து பார்த்துக்கொள்கிறார். மூன்றாவது தடவை சர்வீஸுக்குப் போகவில்லை.