சேணம் மேம்படுகிறது, செய்பவர் வாழ்வு?

நல்ல சேணத்தின் இலக்கணம் எளியது: சவாரி செய்பவரின் எடை குதிரையின் முதுகெலும்பில் அழுந்தாமல், இருபக்கத் தசைகளிலும் பரவ வேண்டும். அதற்காகவே நடுவில் இடைவெளி விட்டு, இருபுறமும் கம்பளி திணிக்கிறார்கள். மரச் சட்டகத்துக்கு மாற்றாக நெகிழிச் சட்டகமும் வந்துவிட்டது. எனினும் தரமான சேணத்தில் தோலைப் பொருத்தித் தைப்பது இன்றும் பெரும்பாலும் கைவேலையே.

உத்தரப்பிரதேசத்தின் கான்பூர்ச் சேணம் புவிசார் குறியீடு பெற்றது. அந்நகரின் தோல் தொழிலாளர்களில் தலித்துகளும் முஸ்லிம்களுமே மிகுதி. அதே மாநிலத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில், 2018இல் ஒரு தலித் மணமகனின் ஊர்வலம் காவல்துறைப் பாதுகாப்போடுதான் நடந்தது.

கேளம்பாக்கத்துக்கு வடக்கே, அடையாறில், 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. தோலின் தரம் அளக்கப்படும் நாட்டில், அதைத் தைப்பவரின் கூலியும் பணியிடப் பாதுகாப்பும், சேணத்தின்மீது அச்சமின்றி அமரும் உரிமையும் மேம்பாட்டின் அளவுகோல்களாக வேண்டும்.